குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்தை நம் ஊர்ப் பக்கம் எப்படிக் கண்டுபிடிப்பது?

பின்னால் வாசிப்பவர்களுக்கும் புரியட்டும் என்று கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கோவில்பட்டிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறீர்கள். அரசு மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியிருக்கிறீர்கள். மூன்று வாரமாகக் குடிக்கவில்லை. அனுப்பும்போது மருத்துவர் "ஏதாவது குழுவில் சேர்ந்துகொள்ளுங்கள்" என்றார், எந்தக் குழு, எங்கே என்று சொல்லவில்லை. சர்ச்சில்தான் நடக்கும் என்று யாரோ சொன்னதால் ஒரு தயக்கம், பணம் எவ்வளவு ஆகுமோ என்று ஒரு கவலை. கடைசி வரியில், "தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாக நீங்கள் கேட்பது முகவரி. உண்மையில் கேட்பது அந்தக் கடைசி வரியைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கான பதிலைப் பொறுத்துத்தான் எங்கே தேடுவது என்பதே முடிவாகும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் மனநல சமூகப் பணியாளர், மருத்துவர் அல்ல. குடிநோய்ச் சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வார்டை விட்டுப் போகிறவர்களை ஏதாவது ஒரு கூட்டத்தோடு இணைத்துவிடுவது அந்த வேலையில் பெரும்பகுதி. உங்கள் உடல்நிலையையோ மாத்திரைகளையோ பற்றி இங்கிருந்து நான் எதுவும் சொல்ல முடியாது; கூட்டங்களைப் பற்றிச் சொல்ல முடியும்.

முதல் யோசனை: உங்கள் ஊருக்குள் தேடாதீர்கள். ஒரு பஸ் தூரம் தள்ளித் தேடுங்கள். உங்களுக்குத் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் ஏறக்குறைய ஒரே தொலைவு. சின்ன ஊரில், அதுவும் முதல் மாதத்தில், கூட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பவரின் காது பேசுகிறவர் பக்கம் இருக்காது. கண் வாசல் பக்கம் இருக்கும். யார் வருகிறார்கள், சைக்கிளை யார் பார்த்தார்கள் என்பதிலேயே ஒன்றரை மணி நேரம் போய்விடும். வெளியூரில் அந்தத் தொல்லை கிடையாது. தூரம் ஒரு சுமை என்று நினைப்பீர்கள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அந்தச் சுமை உங்களுக்குச் சாதகம். டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. கூட்டங்கள் பெரும்பாலும் மாலையில் ஆறரை, ஏழு மணிக்கு. வேலை முடிந்து பஸ் ஏறி, கூட்டத்தில் இருந்துவிட்டு, திரும்பி வந்து இறங்கும்போது கடை மூடும் நேரம் நெருங்கியிருக்கும். குடிக்கிற காலத்தில் எந்த மணி நேரங்களை எதைக் கொண்டு நிரப்புவது என்று தெரியாமல் தவித்தீர்களோ, அவற்றைப் பஸ் எடுத்துக்கொள்கிறது. உங்கள் பக்கம் வாரக்கூலி சனிக்கிழமை என்றால் சனிக்கிழமைக் கூட்டத்தையே தேர்ந்தெடுங்கள். ஆறு மாதம் கழித்து, யார் பார்த்தாலும் கவலையில்லை என்ற துணிவு வந்தபின் பக்கத்து ஊருக்கு மாறிக்கொள்ளலாம். பலர் அப்படித்தான் மாறுகிறார்கள்.

இனி எந்தக் கூட்டம் என்பது. நம் ஊர்களில் நடைமுறையில் கிடைப்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. 1935இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஆக்ரன் என்ற ஊரில், குடியிலிருந்து மீளப் போராடிய ஒரு பங்கு வணிகரும் ஓர் அறுவை மருத்துவரும் சந்தித்துப் பேசியதில் தொடங்கியது; இந்தியாவுக்கு 1957இல் வந்தது. ஸ்மார்ட் ரெகவரி போன்ற, கடவுள் பேச்சே இல்லாத அமைப்புகளும் உலகில் உண்டு. ஆனால் அவற்றை இணையவழியில், ஆங்கிலத்தில்தான் பெரும்பாலும் பெற முடியும் என்பதால் உங்கள் சூழலுக்கு அவற்றை முதல் தேர்வாகச் சொல்லமாட்டேன். இவை தவிர, சில மருத்துவமனைகளும் மறுவாழ்வு மையங்களும் தங்களிடம் சிகிச்சை பெற்றவர்களுக்காக மாதம் ஒரு முறை கூட்டம் நடத்துகின்றன. அது ஆலோசகர் முன்னின்று நடத்துவது, ஏ.ஏ. கூட்டத்தில் முன்னிற்பவரும் குடித்து மீண்டவரே. இரண்டுக்கும் போகலாம், ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.

தேடும் வழிக்கு வருகிறேன். இந்தியாவில் ஏ.ஏ.வுக்கு மும்பையில் ஒரு பொதுச் சேவை அலுவலகமும் அதற்கென இணையதளமும் உள்ளன. அங்கே மாநில வாரியாகத் தொலைபேசி எண்களும் கூட்ட விவரங்களும் கிடைக்கும். ஆனால் பட்டியலை மட்டும் நம்பிப் பஸ் ஏறாதீர்கள். கூட்டம் நடக்கும் பள்ளிக்கூடம் விடுமுறை விட்டிருக்கும், கிழமை மாறியிருக்கும், இடமே மாறியிருக்கும். பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்புகிறவர் அடுத்த வாரம் போவது அபூர்வம். திரும்பும் வழியில் பஸ் நிலையத்துக்கு எதிரே என்ன இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். எனவே முதலில் போன். எடுக்கிறவரும் குடியை விட்டவராகத்தான் இருப்பார், அதனால் சுற்றி வளைக்க வேண்டியதில்லை. "நான் புதியவன். இந்த வாரம் எந்தக் கூட்டத்துக்கு வரலாம்? எனக்கு முன்னால் யாராவது வாசலில் நிற்பார்களா?" இந்த மூன்று வாக்கியம் போதும். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கட்டடத்தைக் கண்டுபிடித்துவிட்டு, வாசல்வரை வந்து, எதிர்த் தேநீர்க் கடையில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பெயர் சொல்லி உள்ளே அழைக்க ஓர் ஆள் இருந்தால் அது நடக்காது.

போனில் யாரும் கிடைக்கவில்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. மனநலப் பிரிவில் மருத்துவரைவிடச் சமூகப் பணியாளரையோ ஆலோசகரையோ கேட்பது பலன் தரும். மருத்துவருக்கு முன்னால் வரிசை நிற்கும். எந்த ஊரில் எந்தக் கிழமை கூட்டம் என்பது எங்களைப் போன்றவர்களின் குறிப்பேட்டில்தான் இருக்கும். தமிழக அரசு 2025இல் 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது. அங்கும் இதே கேள்வியைக் கேட்கலாம். தொலைபேசியில் என்றால் மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. மனம் தத்தளிக்கும் இரவுகளுக்கு டெலிமானஸ் என்ற மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

இன்னொரு வழி மருத்துவமனை வட்டாரத்துக்கு வெளியே அதிகம் பேர் யோசிக்காதது. நீங்கள் சிகிச்சை பெற்ற அதே வார்டில், அதே தாலுகாவிலிருந்து இன்னும் இரண்டு மூன்று பேர் சிகிச்சை பெற்றுப் போயிருப்பார்கள். அவர்களுடைய எண்ணை ஊழியர்கள் உங்களுக்குத் தரக் கூடாது, தரவும் மாட்டார்கள். ஆனால் உங்கள் எண்ணைக் கொடுத்து, "எங்கள் பக்கத்து ஆள் யாராவது பேச விரும்பினால் இதைக் கொடுங்கள்" என்று எழுதி வைத்துவிட்டு வரலாம். ஏ.ஏ. மரபுப்படி, குடிக்காமல் இருப்பதற்காக இரண்டு மூன்று பேர் கூடினாலே அது ஒரு குழு. ஊர்க்காரர்களே சேர்ந்து தாங்குவது நம் பக்கம் புதிதும் அல்ல. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் கிராமத்துக்குள்ளேயே முகாம் நடத்திச் சிகிச்சை கொடுத்தது. முகாமுக்கு இடம், தொடர்ந்து கண்காணிப்பு என எல்லாவற்றிலும் ஊர்க்காரர்களும் பங்கெடுத்தார்கள்.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாததுதான் பாதி பயம். எனவே அதைச் சற்று விரித்தே சொல்கிறேன். திறந்த கூட்டங்களில் எங்களைப் போன்றவர்களும் உட்காரலாம், அங்கே கண்டதைத்தான் எழுதுகிறேன். பெரும்பாலும் ஒரு பள்ளி வகுப்பறை. கரும்பலகையில் அன்றைய பாடத்தின் மிச்சம் இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலிகள், குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்த பன்னிரண்டு படிகளை அச்சிட்டுச் சுவரில் தொங்கவிட்ட துணி, மேசைமேல் சில சிறு புத்தகங்கள். அமைதிக்கான ஒரு சிறு பிரார்த்தனையைச் சேர்ந்து சொல்லித் தொடங்குவார்கள். பிறகு ஒருவர் எழுந்து, தன் முதற்பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்பார். மற்றவர்கள் வணக்கம் சொல்வார்கள். அவர் பத்து நிமிடம் தன் கதையைப் பேசுவார். மகள் கல்யாணத்தன்று தான் எங்கே விழுந்து கிடந்தோம் என்பதை ஒருவர் சொல்ல, சபையே சிரித்ததைப் பார்த்திருக்கிறேன். முதல் முறை வருகிறவர்களுக்கு அந்தச் சிரிப்பு திடுக்கென்றிருக்கும். கேலி இல்லை அது. அங்கே இருக்கும் ஒவ்வொருவரும் அதே போல எங்கோ விழுந்து கிடந்தவர்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிடுவதில்லை, அறிவுரை சொல்வதில்லை. உங்களைப் பேசச் சொன்னால், "இன்று கேட்க மட்டும் வந்தேன்" என்று சொல்லி உட்காரலாம், யாரும் வற்புறுத்தமாட்டார்கள். குடியை நிறுத்தி ஓராண்டு முடித்தவருக்குப் 'பிறந்தநாள்' கொண்டாடுவதும் உண்டு. அன்றைக்கு மனைவி, பிள்ளைகளும் வருவார்கள், கேக் வெட்டுவார்கள். முதல் முறை போவதற்கு அப்படிப்பட்ட ஒரு நாள் கிடைத்தால் விடாதீர்கள்.

பணம்: கட்டணம் இல்லை, சந்தா இல்லை. முடிவில் ஒரு பை சுற்றி வரும். வாடகைக்கும் டீக்கும் உறுப்பினர்கள் இயன்றதைப் போடுவார்கள், போடாமலும் இருக்கலாம். வெளியாட்களிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்களின் மரபு. 'ஏ.ஏ. குழு' என்று சொல்லிக்கொண்டு யாராவது சேர்க்கைக் கட்டணம் கேட்டால் அது ஏ.ஏ. அல்ல.

சர்ச் விஷயத்துக்கு வருவோம். சர்ச் வளாகங்களிலும் சர்ச் நடத்தும் பள்ளிகளிலும் பல கூட்டங்கள் நடக்கின்றன என்பது உண்மை. மாலையில் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைந்த வாடகையில் அறை தருகிறவர்கள் நம் ஊர்களில் அவர்கள்தான் அதிகம், காரணம் அவ்வளவே. கூட்டத்தை சர்ச் நடத்துவதில்லை. விபூதி பூசியவர், தொப்பி அணிந்தவர், சிலுவை போட்டவர் மூவரையும் ஒரே வரிசையில் பார்க்கலாம். ஆனால் கடவுள் பேச்சே வராது என்று சொன்னால் பொய்யாகிவிடும். பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார், 'நாங்கள் புரிந்துகொண்டபடி' என்ற அடைமொழியோடு. கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் அந்தக் குழுவையே தங்களுக்கு மேலான சக்தியாக எடுத்துக்கொண்டு தொடர்வதும் உண்டு, எரிச்சலாகி எழுந்து போவதும் உண்டு. உங்களுக்கு எது நடக்கும் என்பது மூன்று நான்கு முறை போனால்தான் தெரியும். குழுவுக்குக் குழு மணம் வேறு. ஒன்று பிடிக்கவில்லை என்றால் இன்னொன்றைப் பாருங்கள்.

ரகசியம் எவ்வளவு காப்பாற்றப்படும்? இதில் உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொல்ல வேண்டும். வருகைப் பதிவேடு கிடையாது, முழுப்பெயரோ வேலையோ கேட்பதில்லை; இது உறுதி. அங்கே கேட்டதை வெளியே பேசக் கூடாது என்பது மரபு. பெரும்பாலோர் அதை மதிக்கிறார்கள். ஆனால் அது சட்டம் அல்ல, மருத்துவர் காக்கும் ரகசியம் போன்றதும் அல்ல. ஆகவே முதலாளியிடம் எடுத்த பணம், காவல் நிலைய வழக்கு போன்றவற்றை முதல் மாதமே சபையில் கொட்ட வேண்டியதில்லை. அதற்கு ஆலோசகர் இருக்கிறார்; பிறகு நீங்கள் நம்பித் தேர்ந்தெடுக்கும் வழிகாட்டி, அதாவது அங்கே 'ஸ்பான்சர்' என்று அழைக்கப்படும் மூத்த உறுப்பினர், இருப்பார். இன்னொன்று, வாட்ஸ்அப் குழு. அதில் சேர்ந்த உடனே உங்கள் எண்ணும் படமும் எல்லோருக்கும் தெரியும். கொரோனா காலத்துக்குப் பின் பெருகிய இணையவழிக் கூட்டங்களிலும் திரையில் பெயர் தெரியும்; நுழையும் முன் மாற்றிக்கொள்ளுங்கள். பஸ்ஸுக்கு நேரமில்லாத நாட்களுக்கு அவை நல்ல துணை. முழுக்க அவற்றையே நம்புவதை நான் விரும்பமாட்டேன். திரையை அணைத்துவிட்டு எழுந்து போவது மிக எளிது.

இதெல்லாம் உண்மையிலேயே பலன் தருமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் விவரங்களை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் முறைப்படி ஏ.ஏ.வோடு இணைத்துவிட்டவர்களில் ஓராண்டு முடிவில் முழுதும் குடிக்காமல் இருந்தவர்கள் சுமார் 42 சதவீதம். மற்ற சிகிச்சை முறைகளில் சுமார் 35 சதவீதம். வித்தியாசம் உண்டு, மலையளவு அல்ல. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தவை. முகவரியை மட்டும் கொடுத்து அனுப்புவதற்கும், ஆலோசகர் கைபிடித்து இணைப்பதற்கும் இடையில் வேறுபாடு இருக்கிறது. நான் நேரில் கண்டதும் இதோடு ஒத்துப்போகிறது, ஆனால் என் சாட்சியத்தை அரையளவே நம்புங்கள். நன்றாக இருப்பவர்கள் பிறந்தநாள் கேக்கோடு வந்து என்னைப் பார்க்கிறார்கள். வராதவர்கள் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரிவதில்லை. குழு கிடைக்காமல் போனாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்: இந்தியாவில் 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருந்தார். மருத்துவமனைக்குப் போய்ச் சிகிச்சையை முடித்துத் திரும்பியதிலேயே நீங்கள் அந்த ஒருவராகிவிட்டீர்கள்.

மாத்திரைகள் பற்றி ஒரு எச்சரிக்கை. கூட்டத்தில் மூத்தவர் ஒருவர், "மாத்திரையெல்லாம் ஊன்றுகோல், தூக்கிப் போடுங்கள்" என்று சொல்லக்கூடும். அது அவருடைய கருத்து. உறுப்பினர்கள் வைத்தியம் பார்க்கக் கூடாது என்பதே ஏ.ஏ.வின் சொந்த நிலைப்பாடு. மருத்துவர் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள். ஒருவேளை மறுபடி குடித்து, அது சில நாட்கள் தொடர்ந்துவிட்டால், வைராக்கியமாக வீட்டில் படுத்துக்கொண்டு நிறுத்த முயலவும் வேண்டாம். தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் கை நடுக்கம், வியர்வை. முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள்வரை ஆள் அடையாளம் தெரியாத குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிதல். இதில் உயிரே போகலாம். அப்போது போக வேண்டிய இடம் கூட்டம் அல்ல, அரசு மருத்துவமனை. இந்தப் பக்கத்தை வாசிக்கும், இன்னும் குடித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலக்கும் பொடிகளை வீட்டார் வாங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவற்றில் சிலவற்றில், குடியை நிறுத்த மருத்துவர்கள் தரும் டைசல்ஃபிராம் என்ற மருந்து இருக்கலாம். அதைத் தெரியாமல் சாப்பிட்டவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். வேன் அனுப்பி இரவில் ஆளைத் தூக்கிப்போகும் 'மையங்கள்' பக்கமும் போகாதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் குடிநோய்க்கும் பொருந்தும். பதிவு இல்லாமல் மையம் நடத்தவோ, ஆளைச் சங்கிலியில் கட்டவோ அதில் இடமில்லை.

கயிறு கட்டுவது, மாலை போடுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் உறவினர்கள் நிச்சயம் சொல்லியிருப்பார்கள். நான் அதைத் தடுப்பதில்லை. 41 நாள் விரதமிருந்து சபரிமலைக்குப் போகிறவர் அந்த 41 நாளும் சுத்தமாக இருக்கிறார். உடலுக்கு அது லாபம்தான். சிக்கல் மாலையைக் கழற்றிய மறுநாள் தொடங்குகிறது. மாலை போட்டிருக்கும்போதே கூட்டத்துக்கும் போய்ப் பழகியவர்களுக்கு அந்த மறுநாளில் போக ஓர் இடம் இருக்கிறது. பங்குனித் திருவிழா, கொடை, பங்காளி வீட்டுக் காதுகுத்து ஆகியவற்றுக்கும் இதே கணக்குதான். அன்றைய மாலைக்கு வெளியூர்க் கூட்டம் ஒன்றை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். "மருந்து சாப்பிடுகிறேன்" என்பது பந்தியில் நம் சொந்தக்காரர்கள் எதிர்க்கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் ஒரே பதில்.

உங்கள் மனைவி பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள், எதையும் நம்ப மறுக்கிறார் என்று. மூன்று வாரத்தில் நம்பச் சொல்வது நியாயமல்ல. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனி அமைப்பு உண்டு. சில ஊர்களில் ஏ.ஏ. கூட்டம் நடக்கும் அதே நேரத்தில் பக்கத்து அறையில் கூடுகிறார்கள். நீங்கள் போன் செய்யும்போது அதையும் கேட்டு வையுங்கள். வருகிறாயா என்று ஒரு முறை கேளுங்கள். வரவில்லை என்றால் அந்த எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு நீங்கள் பஸ் ஏறுங்கள்.

தூத்துக்குடியிலோ திருநெல்வேலியிலோ இரண்டு முறை முயன்றும் யாரும் பிடிபடவில்லை என்றால், இங்கேயே எழுதுங்கள். உங்கள் மருத்துவமனையில் அடுத்த பரிசோதனைத் தேதி என்றைக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அன்றைக்கு அங்கே யாரைப் பார்க்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.